நிரப்பாத வட்டம்

"நான் குடிக்கிறவன் இல்லைன்னு ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்க மேடம். அது போதும்."

மரபணு ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியெல்லாம் எழுத முடியாதுங்க சார். ரத்தத்துல என்ன இருந்துச்சோ, அதைத்தான் எழுத முடியும்."

அவனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது.

ஆறு வருடம். நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலியோடு எந்த மருத்துவமனையில் போய் விழுந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். எவ்வளவு குடிப்பீங்க? குடிப்பீங்களா என்றுகூட இல்லை.

இல்லை என்று சொன்னால், கேள்வி மனைவிக்குப் போகும். அவளும் இல்லை என்றால், அவளை மட்டும் வெளியே தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள்.

முதல் மருத்துவமனையில் யாரோ ஒரு புண்ணியவான், 'மதுப்பழக்கம்: நோயாளி மறுக்கிறார்' என்று எழுதி வைத்தார். அதற்குப் பிறகு எத்தனை மருத்துவர்கள் மாறினாலும் அந்த 'மறுக்கிறார்' மட்டும் மாறவில்லை. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதிக்கொண்டே வந்தார்கள்.

வேலை செய்யும் இடத்தில் அவனுக்குச் 'சாமியார்' என்று பெயர். ஒரு சொட்டுகூடத் தொடாதவன் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே வைத்த பெயர். கணையம் கெட்டுவிட்டது என்று தெரிந்த நாளிலிருந்து அதே பெயரைக் கண்ணடித்துக்கொண்டே கூப்பிட்டார்கள். உயரத்தில் நின்று இரும்புக் கயிறு மாட்டிக்கொண்டிருந்தவனை இறக்கி, தரைத்தளத்தில் கதவுகளுக்கு எண்ணெய் போட விட்டார்கள்.

மனைவியின் தம்பி அதற்கும் ஒருபடி மேலே. "எங்களுக்குத் தெரியாம எந்தக் கடை மச்சான்? நல்ல சரக்குன்னா நமக்கும் ஒரு வார்த்தை சொல்றது!"

ஆலோசகர் மரபணுச் சோதனை அறிக்கையை மறுபடியும் பொறுமையாக விளக்கினார். சாப்பாட்டைக் கரைக்கும் நீரைக் கணையம் சுரக்கிறது. அந்த நீர் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். அவசரப்பட்டு முன்பே தொடங்கிவிட்டால் கணையத்தையே அரித்துவிடும். அப்படி நடக்காமல் தடுக்க உடம்பில் ஒரு காவல் உண்டு. அவனுக்கு அந்தக் காவல் பிறவியிலேயே பலவீனம்.

அது அவனுக்குச் சட்டென்று பிடிபட்டது. மாடிக்கு வந்து சேரும் முன்பே கதவைத் திறந்துவிடும் லிஃப்ட்.

"இது ஒண்ணுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது சார். ஆனா, காரணமே தெரியலைன்னு விட்டுட்ட நிறைய பேருக்கு இது இருக்கு. குடியையே தொடாதவங்களுக்கும்."

குடியையே தொடாதவங்களுக்கும். அதைக் காதில் வாங்கியபடியே எத்தனை நகல் எடுப்பது என்று அவன் மனதுக்குள் எண்ணத் தொடங்கினான். மேலாளருக்கு ஒன்று. மாமியார் வீட்டுக்கு ஒன்று. மச்சினனுக்கு மட்டும் லேமினேட் செய்தே கொடுக்க வேண்டும்.

"இப்பவாச்சும் நம்புறியா?" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் திரும்பினான்.

"நான் எப்பங்க நம்பாம இருந்தேன்?"

"சட்டையை மோந்து பார்த்தியே, அதுக்குப் பேர் என்னவாம்?"

"ஒரே ஒரு தடவைங்க. அதையே இன்னும் எத்தனை வருஷம் குத்திக் காட்டுவீங்க?"

மேசைக்கு அடியில் அவள் கை அவன் கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டது. அவனும் விடவில்லை.

ஆலோசகர் ஒரு தாளை எடுத்துக் குடும்பப் படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் இருந்தால் கறுப்பு. அவனுடைய சதுரத்தைப் பேனாவால் கறுப்பாக நிரப்பினார். அதிலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, அதன் முனையில் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். அதை நிரப்பவில்லை.

"பொண்ணு இருக்கான்னு சொன்னீங்களே, வயசு என்ன?"

"பத்து."

"அவளுக்கும் இது வந்திருக்க வாய்ப்பு இருக்கு. வந்திருந்தாலும் எல்லாருக்கும் நோயாகாது, பயப்படாதீங்க. வயித்து வலின்னு எப்பவாவது சொல்றாளா?"

மனைவி சிரித்தாள். "பரீட்சைன்னா போதும் மேடம், சொல்லுவா. முட்டியைக் கட்டிக்கிட்டுச் சுருண்டு படுத்துக்குவா. எல்லாம் அப்பாவைப் பார்த்துக் கத்துக்கிட்டது..."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

ஆலோசகர் சிரிக்கவில்லை. "எத்தனை மாசமா?" என்று மட்டும் கேட்டார்.

அதற்குள் அவன் எழுந்து வெளியே போயிருந்தான். நடைவழியில் நின்றபடி பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டான். அலுவலகத்துப் பெண் எடுத்தாள். மகளின் பெயரையும் வகுப்பையும் சொன்னான்.

"போன மாசம் ஒரு லெட்டர் கொடுத்தனுப்பியிருந்தேன்..." என்று தடுமாறினான்.

"இருங்க சார், பார்க்கிறேன்."

காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது.

அவனே கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, உறையில் வைத்து ஒட்டி, மகள் கையிலேயே கொடுத்தனுப்பிய கடிதம். இரண்டே வரி. 'என் மகள் வயிற்று வலி என்று சொன்னால் தயவுசெய்து வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். நடிக்கிறாள்.'

"ஆங், இருக்கு சார், இதோ இருக்கு," என்றாள் அவள் உற்சாகமாக. "நீங்க கவலையே படாதீங்க. காலையிலகூட வந்து அழுதுச்சு. நாங்க அனுப்பவே இல்லை."