தீட்டா போட்ட குழம்பு

மகள் எஸ்தர் ஒன்பதாவதில் கணக்கில் ஃபெயில் என்று தெரிந்ததும் ஜான்பீட்டர் இடுப்பு பெல்ட்டை உருவினான். அவன் மனைவியின் அண்ணன் தேவமணி காபியை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார்.

“விடு மாப்ள. ஓசூர் கம்பெனியில இத்தனை வருசமா லேத் ஓட்டுற. எவனாவது உன்கிட்ட சைன் தீட்டா கேட்டிருக்கானா?”

“இல்ல மச்சான்.”

“என் தங்கச்சி தீட்டா போட்டுத்தான் குழம்பு தாளிக்குதா? அத்தனையும் குப்பை. இதுக்குப் போயி பொம்பளப் புள்ளைய அடிப்பாங்களா?”

நியாயமாகத்தான் பட்டது. பெல்ட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் ஜான்பீட்டருக்கு உறைத்தது.

“அப்புறம் எதுக்கு மச்சான் நீங்க அவளை ஃபெயில் போட்டீங்க?”

“நீ லேத் ஓட்டிப் பொழைக்கிற. நான் அந்தக் குப்பையைக் கொட்டித்தானே பொழைக்கிறேன்?” என்றார் கணக்கு வாத்தியார் தேவமணி. “ஜூன்ல மறுபடியும் என் கிளாசுக்கே அனுப்பி வை.”