ஆற்றில் கடல் மீன்

"தம்பி, இது சங்கரா மீன் செதிலாச்சே?"

மீன்கார அக்கா தரையில் கிடந்த செதிலைக் கட்டைவிரலில் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ஸ்ஸ்," என்றார் ரேஞ்சர். "சத்தம் கேட்டா நீர்நாய் வராதுக்கா."

பூங்காவின் ஞாயிற்றுக்கிழமை நடை அது. 'ரேஞ்சரோடு நீர்நாய் தேடுவோம்' என்று வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள். பதினைந்து பேர் ஷூவில் சேறு படாமல் ஆற்றங்கரையில் நின்றிருந்தார்கள்.

ரேஞ்சர் ஈரமண்ணில் இருந்த தடங்களைக் காட்டினார். ஐந்து விரல், நடுவே சவ்வு. பக்கத்திலேயே செதில்கள்.

"காலையில வந்து சாப்பிட்டுப் போயிருக்கு. திரும்பவும் வரும். எல்லாரும் இங்கயே உக்காருங்க."

முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டியிருந்த கேமராக்காரர் முதல் ஆளாக இடம் பிடித்தார்.

அக்காவின் மகள் அம்மாவின் முழங்கையை இடித்தாள். "கடைக்கு லீவு விட்டுட்டு வந்திருக்கோம். இங்கயும் மீன் பேச்சா?"

"இங்கேர்ந்து கடல் எவ்வளவு தூரம்டீ?"

"பஸ்ல ஆறு மணி நேரம்."

"அப்ப இந்த நீர்நாய் பஸ் ஏறிப் போய் சங்கரா வாங்கிட்டு வந்துச்சா?"

மகள் தள்ளிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா மறுபடி குனிந்து தடங்களைப் பார்த்தார். எட்டுத் தடம். எட்டும் அச்சில் வார்த்த மாதிரி. எட்டும் வலது கால்.

ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். ஆற்றில் ஒரு குமிழிகூட வரவில்லை. மெல்ல எழுந்து, மரத்தடியில் தோள்பையோடு ஒதுங்கி நின்ற ரேஞ்சரிடம் போனார்.

"பையில என்ன?"

"தண்ணி பாட்டில்."

அக்கா கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, பையைத் திறந்தே பார்த்துவிட்டார். உள்ளே ஒரு மரக்கட்டை. அதன் அடியில், பழைய ரப்பர் செருப்பில் செதுக்கி ஆணி அடித்த பாதம் ஒன்று. வலது பாதம்.

"இருபத்திரண்டு வருஷமா மீன் விக்கறேன். நேத்து மீனை இன்னிக்கு வந்ததுன்னு யார் தலையிலயும் கட்டினதில்லை. நீங்க யூனிபாரம் போட்டுக்கிட்டு இத்தனை பேர் காதுல பூ சுத்தறீங்க. போய்ச் சொல்லட்டுமா?"

ரேஞ்சர் தொப்பியைக் கழற்றினார்.

"சொல்லுங்கக்கா. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. மேல கேக்கும்."

"மேல யாரு?"

"அந்த ஆத்து வளைவு தாண்டி, வேர் இடுக்குல. ஒரு தாயும் மூணு குட்டியும். குட்டிங்களுக்கு இன்னும் நீந்தத் தெரியாது."

அக்கா வளைவைப் பார்த்தார். "அங்க போகாதீங்கன்னு ஒரு பலகை வெச்சா முடிஞ்சுதே. இதுக்கு எதுக்கு இந்தக் கூத்து?"

"போன வருஷம் வெச்சேன். அது வரைக்கும் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா போனதில்லை. பலகை வெச்ச அன்னிக்கே பதினேழு பேர். பலகை பக்கத்துல நின்னு போட்டோ வேற. தாய் பயந்துபோய் அப்போ இருந்த மூணு குட்டியையும் இடம் மாத்தப் பார்த்துச்சு. ரெண்டைக் கவ்விக்கிட்டுப் போச்சு." தொப்பியின் விளிம்பைத் தடவினார். "மூணாவதுக்குத் திரும்பி வரலை. நான்தான் புதைச்சேன்."

அக்கா பையை மூடினார்.

"அதுக்கப்புறம்தான் இந்தச் செருப்பு. செதில் எங்க வீட்டு அடுப்படியிலேர்ந்து கொண்டு வர்றது."

அதற்குள் கரையில் கேமராக்காரர் எழுந்துவிட்டார். கேமரா முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"உக்காந்து உக்காந்து கால் மரத்ததுதான் மிச்சம். நான் மேல போய்ப் பார்க்கறேன்."

அவர் பின்னாலேயே இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள்.

ரேஞ்சர் ஓடினார். "சார், அந்தப் பக்கம் ரொம்ப வழுக்கும்."

"நான் மலை ஏறுற ஷூ போட்டிருக்கேன். கவலைப்படாதீங்க."

"அங்க ஒண்ணும் இருக்காது சார்."

"ஒண்ணும் இருக்காதுன்னா நான் போனா உங்களுக்கென்ன?"

ரேஞ்சர் வாயைத் திறந்தார். அடுத்த பொய் வரவில்லை. மண்ணில் தடம் போடக் கை வந்த அளவுக்கு, பொய் சொல்ல அவருக்கு நாக்கு வரவில்லை. கேமராக்காரர் வளைவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

மீன்கார அக்கா ஒரு பாறைமேல் ஏறினார். வளைவுக்கு நேர் எதிர்ப்பக்கம், கீழே, ஆற்றின் நடுவே கையை நீட்டினார்.

"அதோ, தலை தெரியுது பாருங்க. ஐயோ, முங்கிடுச்சு."

சொன்ன வேகத்தில் அவருக்கே காது சூடானது.

முக்காலி மறுபடி விரிந்தது. போனவர்கள் எல்லாம் விழுந்தடித்துத் திரும்பி வந்தார்கள். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. வெறும் தண்ணீர் வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

மகள் நகர்ந்து வந்து காதில் கேட்டாள். "நிஜமாவே பார்த்தியாம்மா?"

"பேசாம தண்ணியைப் பாரு."

அரை மணி கழித்து எல்லோரும் சந்தோஷமாகக் கிளம்பினார்கள். "அக்கா சொன்னதும் நானும் பார்த்தேன்," என்றார் ஒருவர். "மீசைகூடத் தெரிஞ்சுதே," என்றார் இன்னொருவர்.

கேமராக்காரர் லென்ஸை மூடிக்கொண்டே சிரித்தார். "நீங்கல்லாம் தலையைத்தான் பார்த்தீங்க. நான் வாலையும் பார்த்தேன்."