நாளைக்கு ஓட்டப் பரீட்சை

உடற்தகுதி மார்க் இல்லாமல் கல்லூரியில் இடமில்லை என்று ஆனதும், புனிதா தன் மகள் நறுமுகையை ஊரிலேயே பெரிய ஓட்டப்பந்தய டியூஷனில் சேர்த்தாள். அங்கே முதல் பாடமே, கண்ட இடத்தில் ஓடக் கூடாது என்பதுதான். கால் சுளுக்கிக்கொண்டால் மார்க் போய்விடுமே! அதனால் தெருவில் விளையாட்டு நின்றது. மாடிப்படி ஏறுவது நின்றது. புத்தகப் பையை அம்மாவே சுமந்தாள். பரீட்சை வாரம் முழுக்க நறுமுகை சோபாவில் படுத்து ஆரோக்கியத்தைச் சேமித்தாள்.

பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலம் புனிதா குளியலறையில் வழுக்கி விழுந்தாள்.

“நறு, ஓடி வாடி! காலு ஒடிஞ்சிடுச்சு போல!”

மகள் வந்தாள். மணிக்கட்டுப் பட்டையில் இதயத்துடிப்பைப் பார்த்தபடி, மூச்சு வாங்காமல், நிதானமாக நடந்து வந்தாள்.

“கீழ் வீட்டு அக்காவக் கூப்பிடுடி!”

“போன் போட்டேம்மா, எடுக்கல.”

“நேர்ல போய்க் கூட்டிட்டு வா!”

“லிப்ட் ரிப்பேர்மா. படியிலதான் இறங்கி ஏறணும்.”

ஈரத் தரையில் கிடந்த புனிதா, பல்லைக் கடித்துக்கொண்டு சற்று யோசித்தாள்.

“அப்ப வேணாம் கண்ணு. அப்பா வரட்டும். நீ போய்ப் படுத்துக்கோ.”