சகலை கொடுத்த வண்டி

குளியலறை ஜன்னல் வழியாக ஆடிட்டர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். விடுதியின் பின்பக்கம் இரண்டு மலை சைக்கிள்களுக்கு நடுவே குந்தியிருந்த சகலை, ஸ்பேனரால் எதையோ கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். போட்டுக்கொண்டு சுற்றுமுற்றும் வேறு பார்த்தான்.

வாயில் இருந்த பற்பசை நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றார் ஆடிட்டர். இந்தச் சகலை அவர் மனைவியின் தங்கை புருஷன். குடும்பத்தோடு காட்டுப் பக்கம் தங்கலாம், ஆண்கள் இரண்டு பேரும் காட்டுப் பாதையில் சைக்கிள் விடலாம் என்று திட்டம் போட்டதும் அவன்தான், கடையில் சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து வந்ததும் அவன்தான்.

அவர் சந்தேகப்படக் காரணம் இருந்தது. அவன் கல்யாணப் பேச்சு நடந்தபோது, இந்தப் பையன் தேற மாட்டான் என்று மாமனார் காதில் ஓதியவர் நம் ஆடிட்டர். காதில் ஓதியது வாசலில் நின்ற பையன் வரைக்கும் கேட்டுவிட்டது. கல்யாணம் என்னவோ ஜாம்ஜாமென்று நடந்தது. அன்றிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் சகலை சிரிக்கிறான்.

ஊரார் கணக்கையெல்லாம் தோண்டித் துருவுகிற மனிதருக்கு அந்தச் சிரிப்பின் கணக்கு மட்டும் பிடிபடவில்லை. என்றைக்காவது வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருவான் என்று பயந்துகொண்டே இருந்தார். இன்றைக்குத்தான் அந்த நாள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

மனைவியிடம் போய்ச் சொன்னார். அவள் தலை வாருவதை நிறுத்தவே இல்லை.

"இங்க வந்துமா ஆடிட்டு? அவர் உங்க மேல உயிரையே வெச்சிருக்காரு. பேசாம கிளம்புங்க."

உயிரைப் பற்றித்தான் ஆடிட்டருக்கும் கவலை.

வாசலில் சகலை ஒரு பளபளக்கும் மஞ்சள் வண்டியை அவர் பக்கம் நகர்த்தினான். பெயிண்ட் உரிந்த பழசைத் தனக்கு வைத்துக்கொண்டான். கடையில் நல்லதாக ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். திடீரென்று எங்கிருந்து வந்தது இவ்வளவு கரிசனம்? ஆடிட்டர் மஞ்சள் வண்டியின் பிரேக்கை அழுத்திப் பார்த்தார், நன்றாகவே பிடித்தது. இங்கே பிடிக்கும், சரிவில்தானே கைவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

காடு தொடங்கும் இடம் வரைக்கும் மேடு. மூச்சு வாங்க மிதித்துப் போய்ச் சேர்ந்தார்கள். சகலை பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஷூவைத் தரையில் தேய்த்துத் தேய்த்து வண்டியை நிறுத்தினான். இந்த வயசில் இந்த விளையாட்டு ஒரு கேடா என்று ஆடிட்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அங்கே பாதைகளின் பலகை நின்றது. பச்சை, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு. நீலம், கொஞ்சம் பழகியவர்களுக்கு. சிவப்பு, கைதேர்ந்தவர்களுக்கு. கறுப்பு யாருக்கென்று எழுதவில்லை, ஒரு மண்டையோட்டை வரைந்து விட்டுவிட்டார்கள்.

"பச்சையிலயே போலாம் அண்ணே. சமதரை. மெதுவா பேசிக்கிட்டே போலாம்," என்றான் சகலை.

"நேத்து சிவப்புதான்னு குதிச்சீங்க?"

"அது நேத்து," என்று சிரித்தான். அதே சிரிப்பு.

ஆடிட்டர் எட்டிப் பார்த்தார். பச்சைப் பாதையில் ஈ காக்கா இல்லை. சிவப்புப் பாதையின் வாசலிலோ ஹெல்மெட்டும் முழங்கால் உறையுமாக ஒரு கூட்டமே நின்றது. பேச வேண்டுமாம், அதுவும் ஆளே இல்லாத இடத்தில். ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பார்த்தேன் என்று சொல்லவாவது நாலு பேர் வேண்டாமா? தவிர, கல்லூரிக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவர் அவர், சிவப்பெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா?

சகலை தண்ணீர் பாட்டில் வாங்கக் கடைப் பக்கம் போனான். அதற்காகவே காத்திருந்த ஆடிட்டர் மஞ்சள் வண்டியை மரத்தில் சாய்த்துவிட்டுப் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு நழுவினார். தான் ஓட்டப்போகிற வண்டியில் எவனாவது கைவைப்பானா? இதைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

சிவப்பு வாசலில் நின்றவர்கள் அவர் வயதைப் பார்த்து மரியாதையாக வழிவிட்டார்கள். கீழே வேரும் பாறையுமாகப் பாதை செங்குத்தாக இறங்கியது. ஆனாலும் சகலையின் முகத்தில் கரியைப் பூசிவிட்ட சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. இனி அந்த மஞ்சள் வண்டியில் அவனே ஏறட்டும், ஏறி முழி பிதுங்கட்டும்.

பின்னால் தடதடவென்று ஓடி வரும் சத்தம் கேட்டது. பாட்டில்களைக் கீழே போட்டுவிட்டுச் சகலை தலைதெறிக்க வந்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. குட்டு வெளிப்பட்டதும் எப்படிப் பதறுகிறான் பார் என்று ஆடிட்டருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அவன் வந்து பிடிப்பதற்குள் காலைத் தரையிலிருந்து எடுத்தார். வண்டி சரிவில் உருண்டது.

"ஐயோ அண்ணே, உங்க மஞ்சள் வண்டில பிரேக் தேஞ்சிருந்துச்சுன்னு இந்தப் பழசோட கட்டையைக் கழட்டித்தான் அதுல மாட்டியிருக்கேன்!"