கீலுக்கு அடியில் ஒரு சுழி

மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டவன் கையை வெளியே எடுக்கவில்லை.

போட்டிக் கம்பெனியின் புது ஸ்மோக்கர் அது. இறைச்சியைப் புகையிலேயே மணிக்கணக்கில் வேகவைக்கிற, ஆள் உயர இரும்புக் கூண்டு. பார்பிக்யூ கண்காட்சி முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. அவனும் இறைச்சி சுடுகிற கிரில் அடுப்புகள் செய்து விற்கிறவன். அப்படி என்னதான் செய்துவிட்டார்கள் என்று வேவு பார்க்க வந்திருந்தான்.

சூடு உள்ளே எப்படிச் சுற்றி வருகிறது என்று விற்பனைக்காரர் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் காதில் ஒன்றும் ஏறவில்லை.

கீலுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெல்டிங் முடிகிற முனையில் ஒரு சுழி விரலில் தட்டுப்பட்டது.

எல்லோரும் முனைக்கு வந்ததும் வெல்டிங் ராடை எடுத்துவிடுவார்கள். அவன் அப்பா எடுக்க மாட்டார். வந்த வழியே ஒரு நூல் அளவு திரும்பி, ஒரு சுண்டு சுண்டி எடுப்பார். ஆறியதும் காற்புள்ளி மாதிரி ஒரு வால் நிற்கும். அவனும் எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறான். வரவில்லை.

அப்பா பட்டறைத் தீயில் போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது.

இது இந்த வருஷத்து மாடல். பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை.

பக்கத்தில் நின்ற கிரிலைத் திறந்தான். அதிலும் இருந்தது. அடுத்ததைத் திறக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

“இதெல்லாம் யாருங்க வெல்டிங் பண்றது?”

அவன் குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

“எங்க பெரியவர் ஒருத்தர். பேரைக் கேட்டா, பெரியவர்னே கூப்பிடுங்கன்னுடுவார். கை தங்கம்.” விற்பனைக்காரருக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். “ஆனா ஒரு கிறுக்கு உண்டு சார். தினமும் மெஷினை ஆன் பண்றதுக்கு முன்னாடி மூலை முடுக்கெல்லாம் போய், உள்ள யாராவது படுத்திருக்கீங்களான்னு கத்துவார். பட்டறையில யார் சார் வந்து படுக்கப்போறா? நாங்க சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். கழுத்தெல்லாம் தீக்காயம் வேற, பாவம்.”

அவன் மூடியைப் பிடித்துக்கொண்டான்.

அப்பா இருக்கிறார்.

கரிக்கட்டையாகக் கிடந்ததைப் பார்த்து, ‘அப்பாதான்’ என்று போலீஸிடம் சொன்னது அவன்தான். முகம் என்று ஒன்று இருக்கவில்லை. அன்று விடுமுறை; அப்பாவை விட்டால் பட்டறைக்கு வேறு யார் போவார்கள்? அம்மாவைப் பக்கத்தில் விடாமல், பெட்டியை மூடச் சொல்லி, அடக்கத்தையும் அவனே முடித்தான்.

தப்பாகச் சொல்லியிருக்கிறான். இத்தனை நல்ல தப்பை அவன் வாழ்நாளில் செய்ததில்லை.

அடிவயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு புரண்டு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. ஏன் போனார், ஏன் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லை என்பதெல்லாம் அப்புறம். போனை எடுத்து அம்மாவின் எண்ணைத் தட்டினான். மணி போய்க்கொண்டிருந்தது.

“என்ன தம்பி, அடுத்தவன் அடுப்புக்குள்ள தலைய விட்டுட்டு நிக்கிற? அங்க நம்ம ஸ்டால்ல ஆளுங்க காத்துட்டிருக்காங்க.”

அக்கா இடுக்கியும் கையுமாக வந்து நின்றாள்.

கூடப் பிறந்தவள் இல்லை. அப்பாவின் பட்டறையில் கிரில்களுக்குப் பெயின்ட் அடித்தவரின் மனைவி. இப்போது அவன் ஸ்டாலில் வருகிறவர்களுக்குச் சுட்டுக் காட்டுகிற வேலை அவளுக்கு. கண்காட்சி என்றால் யாரும் கூப்பிடாமலே கிளம்பிவிடுவாள். இறைச்சியைத் திருப்பிப் போட்டபடி, போகிற வருகிற ஆண்களின் முகத்தையெல்லாம் பார்ப்பாள்.

“அந்தாளுக்குக் கூட்டம்னா உசிரு. என்னைக்காவது ஒருநாள் இங்க வந்து நிக்கத்தான் போறார்,” என்பாள். “அன்னிக்கு இந்த இடுக்கியாலயே நாலு சாத்தறேன்.”

ஆறு வருஷத்துக்கு முன்னால் புருஷனோடு வீட்டில் ஏதோ வாய்ச்சண்டை. இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு ஒரு ராத்திரி வெளியே போனவர் திரும்பவில்லை. ஊர் வழக்கம்போல அவருக்கு ஒரு பெண்ணை ஜோடி சேர்த்து, ஓடிப்போனவர் என்று முடித்துவிட்டது. ஓடிப்போனவனின் பெண்டாட்டி என்ற பேச்சை அக்கா இன்றைக்கும் கடைத்தெருவில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று ராத்திரி அவர் எங்கே போய்ப் படுத்தார் என்று யாரும் விசாரிக்கவில்லை. விடிந்ததும் பட்டறை தீப்பிடித்துக்கொண்டது. அப்புறம் ஊரில் வேறு பேச்சே இல்லை.

“சொல்லுப்பா,” என்றது போனில் அம்மாவின் குரல்.

அவன் போனை அணைத்தான். அந்தப் பெரியவர் தினமும் கத்துகிற கேள்வி அவன் காதில் கேட்டது. சிரிப்பு எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அக்கா அவன் முகத்தைப் பார்த்தாள். ஈரமான கண்களைப் பார்த்தாள். பிறகு அவன் தோளுக்கு மேலாக, அந்தப் போட்டிக் கம்பெனி ஸ்டாலுக்குள் எட்டிப் பார்த்தாள். இந்த ஆறு வருஷத்தில் அவள் முகத்தில் அவன் பார்த்தேயிராத ஒரு வெளிச்சம் வந்தது.

“அவரைப் பாத்துட்டியா தம்பி?” என்றாள், மெதுவாக.

அவன் விற்பனைக்காரரின் நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டான்.