தலையணை உறை

மண்டையோட்டின் அடியிலும் பின்கழுத்து எலும்பிலும் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவள் பகலெல்லாம் சிரித்துத்தான் பேசினாள். ஆனால், விடிந்தால் தலையணை ஈரமாக இருக்கும். மனசு கேட்காமல், கணவன் வாய் திறக்காமலே உறையை மாற்றிவிடுவான்.

இன்று அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ராத்திரியெல்லாம் இப்படி அழுதா உடம்பு எப்படித் தேறும்?"

"நான் எங்க அழுதேன்?"

அவன் தலையணையை நீட்டினான். நட்டநடுவில் ஈரம். அவள் மரத்துக் கிடந்த பின்கழுத்துத் தையலைத் தடவி, நனைந்த விரல்களைக் காட்டினாள்.

"தையல்ல தண்ணி மாதிரி கசிஞ்சா அது மூளைத் தண்ணி, அந்த நிமிஷமே வரணும்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரே. எத்தனை நாளா உறை மாத்துறீங்க?"

அவன் கண்தான் நிறைந்தது.

"அழுகையை ஆஸ்பத்திரியில வெச்சுக்கலாம். முதல்ல வண்டியை எடுங்க."