பாலத்தடி ஹாரன்

தேசத்தின் வேகத்துக்கு நெடுங்காலமாகக் குறுக்கே நின்ற பழைய பாலம் இன்றோடு வரலாறாகிறது என்பதைப் பொதுமக்களுக்குப் பெருமகிழ்ச்சியுடன் அறிவித்தது ஒலிபெருக்கி.

பாலம் குறுக்கே நிற்காமல் வேறெப்படி நிற்கும் என்று யாரும் கேட்கவில்லை.

பாலத்துக்குக் கீழே ஓடும் நெடுஞ்சாலையை மூடி, தார் உடையாமலிருக்க மெத்தைபோல மண்ணைக் கொட்டியிருந்தார்கள். தலைவர் மஞ்சள் தலைக்கவசத்தோடு வந்து, வெள்ளிச் சுத்தியலால் கைப்பிடிச் சுவரில் ஒரு தட்டு தட்டினார். சுவர் அசையவில்லை. சுத்தியலின் தலைதான் கழன்று விழுந்தது.

எல்லோரும் கைதட்டினார்கள்.

தையல்காரி மட்டும் தட்டவில்லை.

பாலத்தின் மேலே, அந்தச் சுவரோரம்தான் அவளுடைய மெஷின் இருந்தது. கீழே புருஷனின் பச்சை லாரி போகும்போதெல்லாம் ஹாரன் கேட்கும். பாதி தைத்த துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நிற்பாள். என்றைக்காவது வண்டி ஓரங்கட்டும் என்று பார்ப்பாள்.

வீட்டுக்கு அவன் வருவதில்லை. ஒரு விருந்தில் நாலு பேர் முன்னால் அவனைப் பற்றி அவள் ஏதோ சொல்லிச் சிரிக்க, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன்தான்.

அந்த இடத்தில் எல்லா லாரியும்தான் ஹாரன் அடிக்கும். மற்றவர்கள் கொழுப்பில் அடிக்கிறார்கள், தன் வீட்டுக்காரர் தனக்காக அடிக்கிறார் என்பது அவள் தீர்ப்பு.

“இனிமே எங்க நின்னா அவரு கண்ணுல படுவேன், அண்ணே?” என்று பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரரைக் கேட்டாள்.

அவர் பதில் யோசிப்பதற்குள் இடிக்கும் இயந்திரம் கொத்த ஆரம்பித்துவிட்டது. கைப்பிடிச் சுவர் பெயர்ந்து விழுந்தது. அதன் வெளிப்புறம் மாட்டியிருந்த பலகை, மேலே நிற்பவர் ஒருநாளும் பார்த்திராத பலகை, மண்மேல் மல்லாந்து கிடந்தது.

முன்னே வளைவு. ஹாரன் அடிக்கவும்.

படம் கிடம் ஒன்றுமில்லை. வெறும் எழுத்து, பெரிது பெரிதாக.

டீக்கடைக்காரர் அதை உரக்கப் படித்தார். ஒருமுறை பலகையைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார்.

“சரியாப் போச்சு. உன் வீட்டுக்காரன் போர்டுக்கு மரியாதை குடுத்திருக்கான். நீ தலையைச் சீவிக்கிட்டு நின்னிருக்கேம்மா.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தலைவரும், என்னவென்று தெரியாமலே, சிரித்துவைத்தார்.

அவள் எழுத்துக் கூட்டி மறுபடி படித்தாள். பிறகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு விருந்தில் அவள் சொல்லிச் சிரித்தது, அவனுக்குப் படிக்கத் தெரியாது என்பதைத்தான்.